ஒரு டன் உப்பு, ஒரு ஹெக்டேர் காடு

மரக்காணம் உப்பளத்தில் ஒரு டன் உப்பு வாருவதற்கு எவ்வளவு தண்ணீர் வற்ற வேண்டும்? ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் சுமார் 35 கிராம். அதில் நாம் சோற்றில் போடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, 27 கிராம். ஒரு டன்னுக்குப் பெருக்கிப் பார்த்தால் 37 கன மீட்டர், 37,000 லிட்டர். கசப்பு நீரைக் கடைசியில் வெளியே விட்டாக வேண்டும், பாத்தித் தரையில் ஊறிப்போவதும் உண்டு என்பதால், கடல்நீரை மட்டும் நம்பி எடுத்தால் உண்மைச் செலவு இதைவிடக் கூடும். 37,000 லிட்டரைக் குறைந்தபட்சக் கணக்காக வைத்துக்கொள்வோம்.

ஈரம் வற்றாத ஒரு வெப்பமண்டலக் காடு இலைகள் வழியாகவும் தரை வழியாகவும் நாளொன்றுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கி மேலே அனுப்புகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். 3.7 மி.மீ. ஆவியானால் 37,000 லிட்டர். ஆக, ஒரு டன் உப்புக்காக மரக்காணத்தில் பல நாள் வெயிலில் வற்றும் நீரின் அளவை ஒரு ஹெக்டேர் காடு ஒரே நாளில் வானத்துக்கு ஏற்றிவிடுகிறது. உப்பளத்தில் நீர் போனபின் அம்பாரமாக உப்பு நிற்கிறது. எடை போடலாம், மூட்டை கட்டலாம், விலை பேசலாம். காட்டில் நீர் போனபின் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஏறிய நீர் எங்கோ தொலைவில், எவர் நிலத்திலோ இறங்குகிறது. அதனால்தான் அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அதை ஏற்றிப் பார்க்கும் முயற்சி இது.

கணக்கு எழுதுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், சமவெளியிலிருந்து திடீரென எழும் பாறை மலை. உச்சியில் கோயில், குகையில் வரலாற்றுக்கு முந்தைய பாறைக் கீறல்கள். கிழக்கே உப்பளமும் கடலும், மேற்கே செஞ்சிப் பக்கத்து மலைகள். இந்த ஊருக்கு மழை இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. இரண்டும் இரண்டு கணக்கு. ஒன்றின் வரவை மற்றதில் எழுதினால் காட்டைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் தப்பாகிவிடும்.

கடலின் கணக்கு

தமிழ்நாட்டின் ஓராண்டு மழை சராசரியாக 920 மி.மீ. அளவில். அதில் வடகிழக்குப் பருவமழையின் பங்கு சுமார் 440 மி.மீ., 48 சதவீதம். கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு 60 சதவீதத்தை எட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வங்கக் கடலின் மழை. ஈரம் கடலிலிருந்து எழுந்து, காற்றழுத்தத் தாழ்வோடு கரையேறி, முதலில் உப்பளத்திலும் பிறகு பெருமுக்கலிலும் கொட்டுகிறது. இந்த மழை வருவதற்கு மேற்கே காடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. மரத்தை வெட்டினால் ஐப்பசி மழை நின்றுவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் காட்டுக்கு நல்லது செய்வதாக நினைத்து, காட்டின் உண்மையான வலுவை மறைக்கிறார்கள். அடுத்த ஆண்டே புயல் வந்து கொட்டும்போது, கேட்டவர்கள் காடு பற்றிய மொத்தப் பேச்சையும் தள்ளிவிடுவார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பெருமுக்கலுக்குப் பக்கத்து ஊரான மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மாநிலத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். மரக்காணத்தின் உப்பளப் பரப்பை 3,000 ஏக்கர் என்று வட்டமாக வைத்தால், அந்தப் பரப்பில் 500 மி.மீ. மழை என்பது 60 லட்சம் கன மீட்டருக்கு மேல், 0.21 டி.எம்.சி. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால வேலையின்மைக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு அதுதான். ஒரு நாளைக்குப் பிரித்தால் 54 ரூபாய். காட்டோடு நேரடித் தொடர்பில்லாத எண் என்றாலும், மழையின் விலை எழுதும் பேரேட்டில் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடலின் கணக்கில் காட்டுக்கு ஒரு வேலை உண்டு. வந்த மழையைப் பிடித்து வைப்பது அது. இலைக்கூரை மழையில் பத்து முதல் இருபது சதவீதத்தைத் தன்மேலேயே தாங்கிக்கொள்ளும், மிச்சம் மெல்ல இறங்கும், வேர் பிளந்த மண் உறிஞ்சும். புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது மரமற்று, மழைநீர் அரித்த ஓடைகள் வெட்டிப்போன நிலம்தான் கிடைத்தது. வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அங்கே நட்டார்கள். செம்மண்ணைச் சுமந்துகொண்டு கடலுக்கு ஓடிய நீர் இப்போது பெரும்பாலும் அங்கேயே இறங்குகிறது. இது மழையைக் கூட்டிய கதையென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவ்வளவு சிறிய பரப்பால் வானிலை மாறாது. மழையை நிறுத்தி வைத்த கதை அது. அதன் மதிப்பு அதற்கே போதும்.

மேற்கின் கணக்கு

இனி ஆடி, ஆவணி. திண்டிவனத்துச் சுற்றுப்புறத்தில் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் காலம். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் பல தலைமுறையாக மண்ணில் நிற்கிறது. 105 நாள் பயிர். அந்த 105 நாளில் அதற்குச் சுமார் 500 மி.மீ. நீர் வேண்டும். பூத்தபின் விழுது மண்ணில் இறங்கும் நேரத்தில் மண் இறுகிக் கிடந்தால் காய் பிடிக்காது. அப்போது வேண்டியது பத்து நாளைக்கு ஒன்றாக வரும் ஓர் உழவு மழை.

அந்த மழை மாலையில் மேற்கே கறுத்து, இடியோடு வருகிறது. பகலில் கடற்காற்று உப்பளத்தைத் தாண்டி உள்ளே நுழையும். எதிரே மேல்காற்று. இரண்டும் முட்டும் கோட்டில் காற்று மேலெழும்ப, இடிமேகம் கட்டும். மேல்காற்று காய்ந்து வந்தால் மேகம் கட்டினாலும் கலைந்துவிடும், ஈரத்தோடு வந்தால் பொழியும். அந்த ஈரத்தில் ஒரு பகுதி அரபிக்கடலிலிருந்து மலையைத் தாண்டி வருவது. மற்றொரு பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒருமுறை மழையாகப் பெய்து, காட்டு மரங்கள் குடித்து, இலை வழியாக மறுபடி காற்றுக்குக் கொடுத்தது.

நீலகிரியிலிருந்து பெருமுக்கல் ஏறத்தாழ 350 கி.மீ. ஆடி மாதத்தில் தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேல்காற்று மணிக்கு 35 முதல் 50 கி.மீ. வேகத்தில் வீசும். ஏழு முதல் பத்து மணி நேரப் பயணம். காலையில் சோலைக்காட்டு இலையை விட்ட நீராவி மாலையில் நம் தலைக்குமேல் வந்துவிட முடியும்.

இந்தப் பங்கு எவ்வளவு என்பதை 2018இல் பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கணித்து வெளியிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் ஆவியாக்கும் ஈரம், தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பருவமழை தளரும் காலத்தில்தான் காட்டின் பங்கு கூடுகிறது. கடலிலிருந்து வரும் ஈரம் குறையும் நேரத்தில் காடு மண்ணில் சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவழிக்கிறது. மல்லாட்டை வாடும் நாட்களில் வரும் ஒன்றிரண்டு மழை அந்தச் சேமிப்பிலிருந்து வருவது என்று இதைப் படிக்கலாம்.

இதை நமக்குப் பழகிய அலகுக்கு மாற்றுவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டின் வழக்கமான மழை 330 மி.மீ. அளவில். மாநிலத்தின் பரப்பு 1,30,060 சதுர கி.மீ. பெருக்கினால் சுமார் 1,515 டி.எம்.சி. அதில் 25 சதவீதம் 380 டி.எம்.சி., 40 சதவீதம் 600 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறைந்த கணக்கில் நான்கு மேட்டூர், கூடிய கணக்கில் ஆறுக்கும் மேல். மழை பொய்க்கும் ஆண்டில் அடித்தொகையே சிறுத்துவிடும் என்பதால் 600 என்பது உச்ச வரம்பு. அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி.யை விட அது பெரிய எண். ஆற்றில் வரும் நீருக்கு நடுவர் மன்றம் உண்டு, ஆணையம் உண்டு, பிலிகுண்டுலுவில் அளவுகோல் உண்டு. காற்றில் வரும் நீருக்கு ஒன்றுமில்லை.

வெட்டியது எவ்வளவு

1920 முதல் 2013 வரை மேற்குத் தொடர்ச்சி மலை இழந்த காடு 33,500 சதுர கி.மீ.க்குச் சற்று மேல், இருந்ததில் 35 சதவீதம். தெற்குப் பகுதியை மட்டும் எடுத்த இன்னோர் ஆய்வு, 1973க்கும் 1995க்கும் இடைப்பட்ட 22 ஆண்டுகளில் 25.6 சதவீதம் போயிற்று என்று காட்டியது. தேயிலை, காப்பி, ரப்பர், யூகலிப்டஸ், சீகை, அணைகள், மரவள்ளி, வீட்டுமனை. இடத்துக்கு இடம் காரணம் மாறுகிறது.

காடு போன இடம் பாலையாகிவிடவில்லை. தேயிலையும் நீரை ஆவியாக்கும். அதனால் முழுக் காட்டின் ஆவியையும் இழப்பாக எழுதக்கூடாது, வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டும். வித்தியாசம் நாளுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துப் பார்க்கிறேன். 33,500 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது 3.35 கோடி கன மீட்டர், 1.18 டி.எம்.சி. பெருமுக்கலுக்கு மேற்கேயுள்ள வீடூர் அணை நிரம்பினால் 0.605 டி.எம்.சி. அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு வீடூர் அணைகள் காற்றுக்குப் போய்ச் சேரவில்லை. ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய 122 நாளுக்கு 144 டி.எம்.சி. இந்த மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீள்கிறது, அதன் ஆவி முழுவதும் தமிழ்நாட்டுக்கு வருவதில்லை, கடும் மழை நாட்களில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே வித்தியாசமும் குறையும். இவற்றையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு உரியது என்றாலும் 48 டி.எம்.சி., மேட்டூரில் பாதி.

பெருக்கல் கணக்கை நம்பாதவர்களுக்கு நேரடி அளவீடு இருக்கிறது. 2023 மார்ச்சில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியா மூன்றிலும் 2003 முதல் 2017 வரை செயற்கைக்கோள் பதிவு செய்த காட்டிழப்பையும் மழையையும் ஒப்பிட்டார்கள். 200 கி.மீ. அகலப் பரப்பில் காட்டின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால், மாத மழை 0.25 மி.மீ. குறைகிறது. முன்பின்னாக 0.1 மி.மீ.

0.25 மி.மீ. என்றால் யாருக்கும் உறைக்காது. பரப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 200க்கு 200 என்றால் 40,000 சதுர கி.மீ. அதில் ஒரு சதவீதம் 400 சதுர கி.மீ., 40,000 ஹெக்டேர். 40,000 சதுர கி.மீ. பரப்பில் 0.25 மி.மீ. என்பது மாதம் ஒரு கோடி கன மீட்டர், ஆண்டுக்கு 12 கோடி. இதை வெட்டிய 40,000 ஹெக்டேரால் வகுத்தால், ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 3,000 கன மீட்டர். முன்பின் வரம்பைச் சேர்த்தால் 1,800 முதல் 4,200. ஒரு ஹெக்டேர் மழைக்காட்டை வெட்டினால் அந்த வட்டாரம் ஆண்டுதோறும் 30 லட்சம் லிட்டர் மழையை இழக்கிறது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்த ஓர் எண்ணை நினைவில் வைக்கக் கேட்பேன்.

சின்ன வெட்டுக்கு இந்த விதி பொருந்தாது. பிரேசிலின் ரொண்டோனியாவில் காட்டை முதலில் துண்டு துண்டாக வெட்டியபோது, வெட்டவெளி சூடேறி, பக்கத்துக் காட்டு ஈரத்தை உறிஞ்சி, மேகமும் மழையும் கூடிய இடங்கள் உண்டு. வெட்டு விரிந்தபின் காற்றுவாக்கில் ஒரு பக்கம் மழை கூடி, எதிர்ப்பக்கம் காய்ந்தது. காடழித்த முதல் ஆண்டுகளில் மழை குறையவில்லையே என்று அங்கேயே நிற்கிறவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருடைய இழப்பு வேறொருவர் ஏட்டில் ஏறியிருக்கும்.

தரைக்கு மேலே முதல் ஒன்றரை கிலோமீட்டர்

மழைக்கு முன்பாகவே மாறுவது கீழ்வளிமண்டலம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு, வந்ததும் போனதும் கழித்து, நாள் சராசரியாக 150 வாட் சூரிய ஆற்றல் மிஞ்சுகிறது என்று வைப்போம். அதைத் தரை இரண்டு வழியில்தான் பெரும்பாலும் செலவழிக்க முடியும். நீரை ஆவியாக்கலாம், அல்லது காற்றைச் சூடாக்கலாம். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆவியாக 28.4 வாட் வேண்டும்.

காடு: ஆவிக்கு 100 வாட், 3.5 மி.மீ. காற்றுச் சூட்டுக்கு 50 வாட்.
காய்ந்த வெட்டவெளி: ஆவிக்கு 30 வாட், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். காற்றுச் சூட்டுக்கு 120 வாட்.

வித்தியாசம் 70 வாட். அந்தச் சூடு முழுவதும் தரைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் அடுக்கிலேயே அடைபட்டுக் கிடந்தால் காற்று ஒரே நாளில் மூன்றரை பாகை செல்சியஸ் ஏறிவிடும். அடைபடாது. காற்று கொதித்து மேலே கிளம்பி, மேலேயுள்ள காய்ந்த காற்றைக் கீழே இழுத்துக் கலக்கும். கலக்கும் அடுக்கு உயரும். ஈரம் நீர்த்துப்போகும். அதனால் வெப்பமானியில் ஒன்றிரண்டு பாகை மட்டுமே கூடியதாகத் தெரியும்.

அந்த ஒன்றிரண்டு பாகை மேகத்தை எங்கே தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலை வெப்பத்துக்கும் இடையே ஒரு பாகை வித்தியாசத்துக்கு மேகத்தின் அடி 125 மீட்டர் உயரும். காற்று 34 பாகை, பனிநிலை 26 என்றால் வித்தியாசம் 8, மேகம் 1,000 மீட்டரில் தொடங்கும். காற்று 35.5, பனிநிலை 24.5 என்றால் வித்தியாசம் 11, மேகத்தின் அடி 1,375 மீட்டர். எழும்பும் காற்று அவ்வளவு உயரம் போக இயலாமல் வழியில் தளர்ந்தால் மேகமே கட்டாது. கட்டிப் பெய்தாலும் துளிகள் 375 மீட்டர் கூடுதலாகக் காய்ந்த காற்றில் விழுந்து பாதியில் ஆவியாகும். மேற்கே மின்னியது, இங்கே நாலு தூறல் போட்டுப் போய்விட்டது என்று ஆடியில் சொல்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இந்த இடைவெளி.

ஒரு ஹெக்டேரில் 3.5 மி.மீ. ஆவியாகச் செலவாகும் ஆற்றலை மின்சாரத்தில் சொன்னால் 23,800 யூனிட், ஒரே நாளில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் 238 வீடுகளின் இலவச மின்சாரம் அது.

காட்டைப் போலவே ஈரநிலமும் ஆவி விடும். தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்த, 2024 ஆகஸ்டில் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கழுவேலி, 5,151.6 ஹெக்டேர். நீர் நிற்கும் நாளில் 5 மி.மீ. ஆவியானால் 2.58 லட்சம் கன மீட்டர். கடற்காற்று அதை நேரே பெருமுக்கல் பக்கம் தள்ளுகிறது. கடலோடு ஒப்பிட்டால் சிறிதுதான்.

இந்தக் கடற்கரைக்கென்று ஒரு காடு இருந்தது. காயா, பாலை, வீரை, கருங்காலி, நாவல் சேர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. ஆறு மாதம் மழையில்லாமல் போனாலும் இலை உதிர்க்காது. பங்குனி, சித்திரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற துண்டுகளில் மட்டும் இன்று அதைப் பார்க்கலாம். மற்ற இடங்களைச் சவுக்கும் முந்திரியும் கல்குவாரியும் எடுத்துக்கொண்டன. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டப்படும் சவுக்குத் தோப்பைச் செயற்கைக்கோள் பச்சையாகத்தான் காட்டும். அதைக் காடென்று எண்ணிக்கொண்டு ஏட்டை மூடுவது தப்பு.

பற்றுப் பக்கம்

காட்டுக்கு எதிரான பக்கத்தையும் எழுதாவிட்டால் இது பேரேடு ஆகாது. மரம் நீர் குடிக்கிறது. வறண்ட நிலத்தில் யூகலிப்டஸ் போன்ற வேக மரங்களை நெருக்கி நட்டால் கிணறு இறங்கும், ஓடை மெலியும். அங்கே ஏறிய ஆவி அந்த ஊருக்கே திரும்பும் என்ற உறுதியும் இல்லை. மழை கொடுக்கும் இடமும் மழை பெறும் இடமும் வேறு.

உப்பளத்துக்கோ ஆடி மழையே நட்டம். 20 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் 81,000 லிட்டர் நன்னீரைக் கொட்டுகிறது. பாத்தியில் நாளுக்கு 6 மி.மீ. வற்றும் என்றால், பெய்ததை வற்ற வைக்கவே மூன்று நாளுக்கு மேல். 3,000 ஏக்கருக்கு 24 கோடி லிட்டர். நீர்த்துப்போன உவர்நீர் மறுபடி கெட்டியாக மேலும் பல நாள். பெருமுக்கல் மல்லாட்டைக்கு உயிர் கொடுக்கும் அதே மாலை மழை, சில மைல் கிழக்கே உப்பளத் தொழிலாளியின் கூலியைப் பறிக்கிறது. காடு எல்லாருக்கும் நல்லது என்று ஒரே வரியில் முடிக்க இந்த மண் விடாது. நான் மல்லாட்டைப் பக்கம் நிற்கிறேன். உப்பளத்தாருக்கு மூன்று மாதத்துக்கு 5,000 என்பது ஆடி மழை நாட்களையும் சேர்த்து உயர வேண்டும் என்றும் சொல்கிறேன்.

இந்த வழக்கு புதிதும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த எட்வர்ட் பால்ஃபர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் பற்றி 1849இலேயே சென்னையில் எழுதினார். 1893இல் வந்த வோல்க்கரின் வேளாண் அறிக்கை உதகமண்டலத்து எண்களைக் காட்டியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நீங்கலாக, 1870 முதல் 1874 வரை ஐந்தாண்டில் மழை நாட்கள் 374. மலையில் மரம் வளர்த்தபின் 1886 முதல் 1890 வரை 416. ஐந்தாண்டில் 42 நாள், ஆண்டுக்கு எட்டு. இயற்கை ஏற்ற இறக்கமே இவ்வளவு செய்யும் என்பதால் இதைச் சான்றாக நிறுத்த மாட்டேன். கேள்வி நம் மண்ணில் எவ்வளவு காலமாகக் கிடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

விலை

காட்டு நிலத்தைப் பிற வேலைக்குக் கொடுக்கும்போது அரசு ஒரு விலை வாங்குகிறது. நிகர இன்றைய மதிப்பு என்று பெயர். 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விகிதம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய். 2022இல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்ந்தது. மரம், தீவனம், கரிமம், உயிரினங்கள், நீர்ப்பிடிப்பு எல்லாம் அதில் கணக்கில் வந்தன. காற்றோடு கிழக்கே போய் 350 கி.மீ. தள்ளி மழையாகும் நீருக்குத் தனி வரி இல்லை.

அந்த வரியை எழுதிப் பார்க்கலாம். உப்புநீரை நன்னீராக்கித் தரும் வேலைக்கு நம்மிடம் ஒரு விலை இருக்கிறது. 2010இல் திறந்த மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. ஒரு ஹெக்டேர் காடு இல்லாமல் போவதால் ஆண்டுக்குக் குறையும் 3,000 கன மீட்டருக்கு இதே விலை போட்டால் 1,45,980 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 4,37,940. அதாவது 2008இன் குறைந்த விலையான 4.38 லட்சம், மழையை மட்டும் எண்ணினாலே மூன்று ஆண்டில் தீர்ந்துவிடுகிறது. உயர்ந்த விலையான 10.43 லட்சம் ஏறக்குறைய ஏழு ஆண்டில் தீர்கிறது. காடு போனது என்றைக்குமாக.

பெய்யும் மழை அத்தனையும் மீஞ்சூர் விலை பெறாது என்பது சரி. பாதி பாறையிலும் சாலையிலும் விழும். பத்தில் ஒரு பங்குதான் பயிருக்குப் பயன்பட்டது என்றாலும் ஆண்டுக்கு 14,598 ரூபாய். 30 ஆண்டுக்கு 4.38 லட்சம். மழை ஒன்றுக்கே அந்தக் குறைந்த விலை மறுபடியும் சரியாகப் போய்விடுகிறது. மற்ற எல்லாப் பயனுக்கும் மிச்சம் பூஜ்யம்.

2021ஆம் ஆண்டு காட்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பு 26,419 சதுர கி.மீ., 20.31 சதவீதம். 1988 தேசிய வனக் கொள்கையின் இலக்கு 33 சதவீதம், 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் அதே 33 சதவீதத்தைக் குறிவைக்கிறது. இடைவெளி சுமார் 16,500 சதுர கி.மீ., 16.5 லட்சம் ஹெக்டேர். ஹெக்டேருக்கு 3,000 கன மீட்டர் என்று திருப்பிப் போட்டால் 175 டி.எம்.சி. ஆனால் வெட்டியதால் குறைந்த மழை நட்டதால் அப்படியே திரும்பும் என்று எவரும் அளந்து காட்டவில்லை, அந்த 3,000 ஈரக் காடுகளில் எடுத்த எண், நம் நடவிலோ சவுக்கும் தேக்கும் உண்டு. ஆகவே நடுவதைவிட, நிற்பதை வெட்டாமல் வைப்பதில்தான் இந்த எண்ணுக்கு உறுதி அதிகம்.

செய்யக்கூடியது சிறிய காரியம். மேற்கு மலையில் காட்டை ஒதுக்கக் கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: காற்றுத் திசையில் கிழக்கே குறையும் மழை, கன மீட்டரில். நூறு ஹெக்டேர் கேட்டால் அந்தக் கட்டத்தில் 3,00,000 என்று எழுத வேண்டியிருக்கும். ஏக்கருக்கு 20 மி.மீ. வீதம் பிரித்தால், விழுது இறங்கும் நேரத்தில் 3,700 ஏக்கர் மல்லாட்டைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஓர் உழவு மழை.